சிக்னலுக்கும் ஊர் உண்டு, சேரி உண்டு

அலைக்கற்றை என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது 2ஜிதான். 2010-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் வந்த 1.76 லட்சம் கோடி ரூபாய் அனுமான இழப்பு, டீக்கடை முதல் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. ஒரு தலித் அமைச்சர் பதவி இழந்து சிறைக்குப் போனார். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீடு தனிக் கதை. அந்த வழக்கின் அரசியலை நாம் நிறையப் பேசிவிட்டோம், இங்கே அதற்குள் போகவில்லை. அத்தனை வருடங்களும் நாடு ஒரே கேள்வியைத்தான் கேட்டது: அலைக்கற்றை என்ன விலைக்குப் போனது? யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது கேள்விதான் நமக்கு முக்கியம். நூறு நாள் வேலையில் வருகைப்பதிவை செல்போன் செயலியில்தான் போட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. போட்டோ ஏறாவிட்டால் கூலிக்கு அலைய வேண்டும். கல்வி உதவித்தொகை விண்ணப்பம், ஆதார் ஓடிபி, தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு என்று எல்லாம் போனுக்குள் போய்விட்டது. 2020-ல் பள்ளிகளை மூடியபோது வகுப்பறையே போனுக்குள் போனது. சிக்னல் இல்லாத தெருவில் வாழ்பவருக்கு அரசாங்கம் பாதிதான் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அலைக்கற்றைப் பங்கீட்டில் நியாயம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை, கணக்கெடுப்பவர் எதை எண்ணுகிறார் என்பது தீர்மானிக்கிறது. டவருக்குள் இருக்கும் கணினி நிரல் வரை இது உண்மை. கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பயப்பட வேண்டாம். ரேஷன் கடை வரிசையில் நின்ற அனுபவம் இருந்தால் போதும்.

பொதுச் சொத்து என்று சொன்னால் போதுமா?

1995 பிப்ரவரியில், கிரிக்கெட் போட்டி ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை ரத்து செய்தபோதும் இயற்கை வளம் மக்களுக்கு உரியது என்பதையே அடிப்படையாக வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன அரசியல் சாசன அமர்வு, ஏலம் ஒன்றே வழி என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை என்றது. அளவுகோல் பொது நன்மை. அரசமைப்புச் சட்டத்தின் 39(பி) பிரிவு பேசுவதும் அதைத்தான்: சமூகத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு உகந்தபடி பங்கிடப்பட வேண்டும்.

சட்டத்தில் பொதுவாக இருப்பது தெருவிலும் பொதுவாக இருக்கும் என்று நம்புவதற்கு நமக்கு உரிமை இல்லை. 1923-ல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களுக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. 1924-ல் மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் குளம் பொது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. வளம் பொதுவா என்பது ஒரு கேள்வி. கை எட்டுகிறதா என்பது வேறு கேள்வி.

அலைக்கற்றை மூன்று படிகளில் பங்கு போடப்படுகிறது. முதல் படியில் அரசு, நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. இரண்டாம் படியில் நிறுவனம் எந்த இடத்தில் டவர் வைப்பது, அதில் எந்தெந்த அலைவரிசையை ஏற்றுவது என்று முடிவு செய்கிறது. மூன்றாம் படியில் டவர், தன் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்குப் பங்கு பிரிக்கிறது. நாம் சண்டை போடுவதெல்லாம் முதல் படியில். நமக்குப் பாடம் இருப்பது மூன்றாம் படியில் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

டவருக்குள் ஒரு ரேஷன் கடை

ஒரு 4ஜி டவரில் 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரநிலைப்படி அது 50 துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒரு நொடிக்கு 1000 முறை இந்த 50 துண்டுகளும் புதிதாகப் பங்கு போடப்படும். அதாவது ஒவ்வொரு நொடியும் 50,000 பொட்டலங்கள். யாருக்கு எத்தனை என்று முடிவு செய்யும் நிரலுக்கு ஷெட்யூலர் என்று பெயர். நம் மொழியில் சொன்னால் ரேஷன் கடைக்காரர்.

அவருக்கு முடிவெடுக்க ஒரு தகவல் வேண்டும். ஒவ்வொரு போனும் தனக்கு சிக்னல் எப்படி இருக்கிறது என்று 15-க்கு ஒரு மதிப்பெண்ணை டவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டவருக்கு அருகில், தடையில்லாமல் இருக்கும் போன் 15 வாங்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் போன் 2 அல்லது 1 வாங்கலாம். 4ஜியின் அடிப்படை அட்டவணைப்படி, 15 வாங்கிய போனுக்கு ஒரு துண்டில் ஏற்ற முடிகிற தகவல், 1 வாங்கிய போனுக்கு ஏற்ற முடிவதைப் போல சுமார் 36 மடங்கு.

கடைக்காரர் என்ன செய்யலாம்? ஒரு வழி, எப்போதும் அதிக மதிப்பெண் வாங்கியவருக்கே கொடுப்பது. டவர் ஒரு நொடியில் அனுப்பும் மொத்தத் தகவல் உச்சத்தைத் தொடும். காகிதத்தில் திறமையான டவர். தள்ளி இருப்பவருக்கு மட்டும் ஒரு பொட்டலமும் வராது.

இது நமக்குப் பழகிய வாதம்தானே? 'தகுதி உள்ளவனுக்குக் கொடு, நாடு முன்னேறும்.' இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கல்லூரி விடுதியிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தினமும் கேட்கிறோம். டவர் விஷயத்தில் அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்று பாருங்கள். போனின் திறமையையோ பயன்படுத்துபவரின் உழைப்பையோ அது அளக்கவில்லை. டவரிலிருந்து அவர் எவ்வளவு தூரத்தில், எந்தக் கூரையின் கீழ் இருக்கிறார் என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. டவரை அங்கே வைத்தது அவர் அல்ல.

எதிர்த்திசையில் இன்னொரு வழி உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவு தகவல் போய்ச் சேரும்படி பங்கிடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மதிப்பெண் 1 வாங்கியவருக்குச் சம அளவு கொடுக்க அவருக்கு 36 மடங்கு துண்டுகள் வேண்டும். அப்படிப்பட்ட நாலு பேர் இருந்தால் டவரின் நேரம் முழுக்க அவர்களுக்கே போய்விடும், எல்லோருடைய வேகமும் சுருண்டுவிடும். அதையும் பொறியாளர்கள் ஏற்கவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் மூன்றாவது வழி. அதற்கு 'ப்ரொபோர்ஷனல் ஃபேர்' என்று பெயர், விகிதாச்சார நியாயம். 1990-களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஃபிராங்க் கெல்லி இந்தக் கருத்துக்குக் கணித வடிவம் கொடுத்தார். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குவால்காம் பொறியாளர்கள் அதை மொபைல் டேட்டாவில் கொண்டுவந்தார்கள். இன்று 4ஜி, 5ஜி இரண்டிலும் இதன் வகைகள் பரவலாக இருக்கின்றன.

விதி எளிது. இந்த நொடியில் உனக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை, இதுவரை உனக்குச் சராசரியாக எவ்வளவு கிடைத்தது என்பதால் வகுக்க வேண்டும். யாருக்கு விடை பெரிதோ அவருக்கு அடுத்த துண்டு. ஒருவருக்கு இப்போது 10 கொடுக்க முடியும், இதுவரை சராசரியாக 10 கிடைத்திருக்கிறது என்றால் விடை 1. இன்னொருவருக்கு இப்போது 2-தான் கொடுக்க முடியும், இதுவரை அவருக்குக் கிடைத்தது 1 என்றால் விடை 2. துண்டு இரண்டாமவருக்கு.

தோழர்களே, இந்த வகுத்தலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கீழே இருக்கும் எண் வரலாறு. இதுவரை கிடைக்காதவரைக் கணக்கில் எடுக்காமல் அடுத்த பங்கை முடிவு செய்யக் கூடாது என்பது விதி. இன்னொன்றும் இதில் இருக்கிறது. ஒருவரை அடுத்தவரோடு நேரடியாக ஒப்பிடுவதற்குப் பதில், அவருடைய சொந்த நிலைமையோடு ஒப்பிடுகிறது. 15 வாங்கிப் பழகியவர் 12 வாங்கினால் அவருக்கு அது மந்தமான நேரம். 2 வாங்கிப் பழகியவர் 4 வாங்கினால் அது அவர் சிறந்து நிற்கும் நேரம், அப்போது அவருக்குக் கொடு. முதல் தலைமுறைப் பட்டதாரி வாங்கிய 70-ஐயும் மூன்று தலைமுறை மருத்துவர் வீட்டுப் பிள்ளை வாங்கிய 85-ஐயும் எப்படிப் படிக்க வேண்டும் என்று நாம் இத்தனை காலமாகச் சொல்லிவந்தது இதையேதான். பொறியாளர்கள் சமூகநீதிக்காக இதைச் செய்யவில்லை. வலைப்பின்னல் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். 'தகுதி செத்துப்போயிற்று' என்று எவரும் டவர் முன்னால் தர்ணா உட்காரவில்லை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். விகிதாச்சார நியாயம் எல்லோருக்கும் ஏறக்குறைய சமமான முறை கொடுக்கிறது, சமமான விளைச்சல் கொடுப்பதில்லை. தள்ளி இருப்பவருக்கு வரிசையில் இடம் கிடைக்கும், அவர் துண்டில் ஏறும் தகவல் குறைவாகவே இருக்கும். சிக்னலே எட்டாதவருக்கு வரிசையும் இல்லை. ஆகவே இந்த விதி மட்டும் போதாது.

ஒரே ஆள், இரண்டு கடை

இன்றைய டவரில் ஒரே ஒரு அலைவரிசை இருப்பதில்லை. 800, 1800, 2300 என்று பல இருக்கும். விலை உயர்ந்த போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைவரிசைகளில் வாங்கும். இதற்கு கேரியர் அக்ரிகேஷன் என்று பெயர். மலிவான அல்லது பழைய போனுக்கு ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசைதான். அதாவது ஒருவருக்கு இரண்டு ரேஷன் கடையில் கார்டு, இன்னொருவருக்கு ஒரு கடையில் மட்டும்.

இரண்டு கடையிலும் தலா 10 மூட்டை அரிசி என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் இருவரும் நிற்கிறார்கள். இரண்டாவது கடையில் வசதியானவர் மட்டும் நிற்கிறார். ஒவ்வொரு கடையும் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து நியாயமாகப் பங்கிட்டால் என்ன ஆகும்? முதல் கடையில் ஆளுக்கு 5. இரண்டாவது கடையில் 10-ம் வசதியானவருக்கு. மொத்தம் அவருக்கு 15, மற்றவருக்கு 5. எந்தக் கடைக்காரரும் அநியாயம் செய்யவில்லை. ஒவ்வொரு புத்தகமும் தனித்தனியே சுத்தம்.

இப்போது இரண்டு கடையும் ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கட்டும். அதே விகிதாச்சார விதிதான், ஆனால் 'இதுவரை கிடைத்தது' என்ற எண்ணில் எல்லாக் கடையிலும் வாங்கியதைக் கூட்டிப் போட வேண்டும். வசதியானவருக்கு இரண்டாவது கடையில் 10 கிடைக்கிறது என்பது முதல் கடைக்குத் தெரிந்துவிடும். முதல் கடையின் 10-ம் மற்றவருக்குப் போகும். ஆளுக்கு 10. அரிசி கூடவும் இல்லை குறையவும் இல்லை, கணக்கு மட்டும் மாறியது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010-ஐ ஒட்டி இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள். கூட்டுக் கணக்கில் ஒற்றை அலைவரிசை போன்களுக்கும் செல் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் நிலைமை மேம்படுகிறது என்பதே முடிவு.

தமிழ்நாட்டில் நிலம் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 30 தர ஏக்கர் என்ற வரம்பு 1970-ல் 15 ஆனது. என்ன நடந்தது? மகன் பேரில், மருமகள் பேரில், அறக்கட்டளை பேரில் பட்டா பிரிந்தது. ஒவ்வொரு பட்டாவையும் தனித்தனியே பார்த்தால் எல்லோரும் வரம்புக்குள்தான். கூட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் நிலம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தது.

டவரில் எந்தக் கணக்கு ஓடுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரியாது. உலகத் தரநிலை அமைப்பு போனும் டவரும் எப்படிப் பேச வேண்டும் என்று வரையறுக்கிறது, ஷெட்யூலர் எப்படிப் பங்கிட வேண்டும் என்று வரையறுக்கவில்லை. அது கருவி தயாரிப்பவருக்கும் நிறுவனத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. 2020-ல் வோடஃபோன் ஐடியாவும் ஏர்டெலும் அதிகப் பணம் கட்டுபவர்களுக்கு 4ஜியில் முன்னுரிமை வேகம் என்று திட்டங்களை விளம்பரப்படுத்தின. ஜூலையில் டிராய் அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னது. ஒருவருக்கு முன்னுரிமை கொடுத்தால் மற்றவர்களின் சேவை குறையாதா என்று கேட்டது. விஷயம் தீர்ப்பாயம் வரை போனது. வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பது தொழில்நுட்ப ரகசியம் அல்ல, பொதுக் கொள்கை என்பதற்கு அந்த ஒரு நிகழ்வே சாட்சி.

எட்டும் அலை, எட்டாத அலை

இனி முதல் இரண்டு படிகள். எல்லா அலையும் ஒன்றல்ல. ஊர்த் திருவிழாவில் கட்டும் ஸ்பீக்கரைத் தூரத்திலிருந்து கேட்டிருப்பீர்கள். பாட்டின் வரிகள் கேட்காது, தாளத்தின் அடி மட்டும் கேட்கும். தாழ்ந்த ஒலி வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டும். வானொலி அலையும் ஏறக்குறைய அப்படித்தான். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் தாழ்ந்த அலைகள். தூரம் போகும், வீட்டுக்குள் நுழையும், ஆனால் சுமக்கும் தகவல் குறைவு. 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு நிறுவனத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம்கூடக் கிடைக்கிறது, வேகம் பறக்கும், தூரம் போகாது. ஒரே சக்தி, ஒரே வகை ஆன்டெனா என்று வைத்துக்கொண்டால், 700-ஐவிட 3500 மெகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியிலேயே 25 மடங்கு பலவீனமாக வந்து சேரும். சுவரும் மரமும் குறுக்கே வந்தால் இன்னும் மோசம்.

அப்படியானால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு எட்டக்கூடிய அலை 700. அதை நாம் என்ன செய்தோம்? 2016 அக்டோபர் ஏலத்தில் நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தார்கள். யாரும் வாங்கவில்லை. 2021 மார்ச்சில் விலையைக் குறைத்தார்கள். அப்போதும் யாரும் வாங்கவில்லை. 2022 ஏலத்தில் இன்னும் குறைத்து 3,927 கோடி என்றதும் ஜியோ 22 வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது, மீதி விற்காமல் நின்றது. கிராமத்துக்கு மிகவும் தேவைப்பட்ட அலை ஆறு வருடம் வானத்தில் சும்மா கிடந்தது. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-ம் அந்த ஆறு வருடத்துக்குள்தான் வருகிறது. கருவூலத்துக்கும் பணம் வரவில்லை, பிள்ளைகளுக்கும் சிக்னல் வரவில்லை.

வேறு மாதிரி செய்திருக்க முடியுமா? ஜெர்மனி செய்தது. 2010-ல் 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது ஒரு நிபந்தனை போட்டது. முதலில் 5,000 பேருக்குக் குறைவான சிற்றூர்கள். அங்கே 90 சதவீதம் பேருக்கு எட்டிய பிறகுதான் அடுத்த அளவு ஊர்கள், பெருநகரங்கள் கடைசியில். வரிசையைத் தலைகீழாக்கினார்கள், நிறுவனங்களும் ஏலத்தில் பணம் கட்டி வாங்கின. கடைசியில் இருப்பவரிடமிருந்து தொடங்கு என்று அரசு சொன்னால் சந்தை செத்துவிடாது.

இந்தியாவில் நிபந்தனை எப்படி இருந்தது? பழைய ஒருங்கிணைந்த உரிமத்தில், முதல் வருடத்தில் 10 சதவீத மாவட்டத் தலைநகரங்கள், மூன்று வருடத்தில் 50 சதவீதம். எந்தத் தலைநகரம் என்பது நிறுவனத்தின் விருப்பம். தலைநகரத்துக்குப் பதில் மாவட்டத்தின் வேறு நகரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். கிராமப்புறத்தைக் கட்டாயம் எட்ட வேண்டியதில்லை என்று எழுத்திலேயே இருந்தது. பிறகு வந்த நிபந்தனைகள் ஒன்றியத் தலைமையிடங்கள் வரை இறங்கின. நாட்டின் சிக்னல் வரைபடம் அந்த வரிசையில்தான் வளர்ந்தது.

கிராமம் என்றால் எந்தக் கிராமம்?

2022 ஜூலையில் ஒன்றிய அரசு 26,316 கோடி ரூபாயில், சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்தை அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இங்கே எண்ணும் அலகு கிராமம். தமிழ்நாட்டில் கிராமம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நடுவில் வயல், ஏரி அல்லது ஒரு சாலை. பல இடங்களில் காலனி இருப்பது தாழ்ந்த நிலத்தில். டவர் வைக்க இடம் கொடுப்பவருக்கு மாத வாடகை உண்டு. அதற்குத் தகராறில்லாத பட்டாவும் நிலமோ உறுதியான மொட்டை மாடியோ வேண்டும். அவை யாரிடம் இருக்கின்றன? டவர் ஊர்த்தெருவில் நிற்பதற்கு எந்தச் சதியும் தேவைப்படவில்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அங்கே போய் நின்றது.

அலைக்குச் சாதி தெரியுமா என்று சிலர் கேட்பார்கள். அலைக்குத் தெரியாது. ஆனால் டவர் நிற்கும் இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, காலனி அமைந்த இடத்துக்கும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் போன் மதிப்பெண்ணாகப் போட்டு அனுப்புகிறது. நான் களப்பணி செய்யும் பகுதியில் காலனிப் பெண்கள் போனை ஜன்னல் கம்பியில் துணிப்பையில் தொங்கவிட்டிருப்பார்கள். மணி அடித்தால் வெளியே எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அரசுப் புள்ளிவிவரத்தில் அந்தக் கிராமம் சிக்னல் உள்ள கிராமம்.

இதற்கு மாற்று அரசின் கையிலேயே இருக்கிறது. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் வழிகாட்டி நெறிமுறை, சாலைக்கான அலகு வருவாய்க் கிராமம் அல்ல, குடியிருப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. சாலைக்குக் குடியிருப்பை எண்ண முடிந்தது. சிக்னலுக்கு ஏன் எண்ணக் கூடாது?

பணம் இல்லை என்பார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் எல்லோருக்கும் சேவை எட்டுவதற்கென்றே வசூலிக்கப்படுகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதிக்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றியது. 2024-ல் வந்த அதன் விதிகள், நிதி செலவிட வேண்டிய நோக்கங்களில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதார, சமூக ரீதியில் நலிந்த பிரிவினரைக் குறிப்பிடுகின்றன. வாசல் திறந்திருக்கிறது. தட்ட ஆள் வேண்டும்.

நாம் என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, சிக்னல் கணக்கின் அலகு குடியிருப்பாக இருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளின் நிலையைத் தனியே வெளியிட வேண்டும். இரண்டு, இனி விற்கும் தாழ்ந்த அலைவரிசைகளில், விற்காமல் நிற்கும் 700 உட்பட, கடைசிக் குடியிருப்பிலிருந்து தொடங்கு என்ற நிபந்தனை வேண்டும், அதற்கு ஈடாக விலையைக் குறைத்தாலும் சரி. மூன்று, டிஜிட்டல் பாரத் நிதியில் கட்டும் டவர்களுக்குக் காலனியிலுள்ள பொது நிலத்தை முதலில் பரிசீலிக்க வேண்டும், வாடகை அந்தக் குடியிருப்பின் பொதுத் தேவைக்குப் போக வேண்டும். நான்கு, டிராய் சராசரி வேகத்தோடு நின்றுவிடக் கூடாது. பொறியாளர்கள் தங்கள் ஆய்வுகளில் கடைசி 5 சதவீதத்தினரின் வேகத்தைத் தனியாக அளக்கிறார்கள். அந்த எண்ணை நிறுவனங்கள் வெளியிட வேண்டும், பல அலைவரிசைகளில் கணக்குத் தனித்தனியா கூட்டா என்பதையும் டிராய்க்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஆதாரம் சேர்ப்பது மாணவர்களால் முடியும். 2024 சேவைத்தர ஒழுங்குமுறைப்படி நிறுவனங்கள் தங்கள் சிக்னல் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் ஊர் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பிறகு போனோடு ஊர்த்தெருவிலிருந்து காலனியின் கடைசி வீடு வரை நடங்கள். ஆண்ட்ராய்டு போன் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 115 என்றால் அழைப்பே தடுமாறும். வீட்டுக்கு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை எழுதுங்கள். டிராயின் மைஸ்பீட் செயலியில் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அலைவரிசை வருகிறது என்று காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. மலிவான போன் ஒன்று, விலை கூடிய போன் ஒன்று என்று இரண்டிலும் அளந்தால் இன்னும் நல்லது.

ஒரு குடியிருப்புக்கு ஒரு பிற்பகல் போதும். பத்துக் குடியிருப்புகளின் அட்டவணை கையில் இருந்தால் அது மனுவாகும், தகவல் உரிமைச் சட்டக் கேள்வியாகும், கிராம சபைத் தீர்மானமாகும், சட்டமன்ற உறுப்பினரின் மேசையில் வைக்கும் காகிதமாகும். 'எங்கள் தெருவில் டவர் இல்லை' என்று புலம்பினால் எந்த அதிகாரியும் காதில் வாங்க மாட்டார். 'ஊர்த்தெருவில் மைனஸ் 80, அறுநூறு மீட்டர் தள்ளி காலனி வீட்டுக்குள் மைனஸ் 118, உங்கள் வரைபடம் இரண்டையும் பச்சையாகக் காட்டுகிறது' என்று சொன்னால் அவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த மே தின கிராம சபைக்குள் உங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பையாவது அளந்து முடியுங்கள்.